ஒயிட் டைகர் நாவலை பாதி பேர் கொண்டாடறாங்க, பாதி பேர் கழுவி ஊத்தறாங்க, ஏன்?

கேள்வி இதான்: அரவிந்த் அடிகாவோட 'தி ஒயிட் டைகர்' படிக்கலாம்னு இருக்கேன், ஆனா படிச்சவங்க கருத்தைப் பாத்தா ஒருத்தர் மாஸ்டர்பீஸ்ங்கறார், இன்னொருத்தர் இந்தியாவை வெளிநாட்டுக்காரனுக்கு வித்துட்டான்ங்கறார், கொலைகாரன் கதைல சிரிக்க என்னதான் இருக்கு, யார் சொல்றதை நம்பறது. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இந்த புத்தகத்துல ரெண்டு பக்கமும் பாதி பாதி சரி, அதுல எந்தப் பாதி சரிங்கறதுதான் மேட்டர்.

ஸ்பாய்லர் பயம் வேண்டாம். இது யார் கொன்னாங்கன்னு தேடற கதை இல்ல. முதல் ராத்திரியே அவனே சொல்லிடறான், என் முதலாளி கழுத்தை அறுத்தது நான்தான்னு. பேரு பல்ராம் ஹல்வாய், கயா பக்கம் லக்ஷ்மண்கர்னு ஒரு கிராமம், அப்பா ரிக்‌ஷா இழுக்கறவர். டீக்கடைல கரி உடைச்சு, தன்பாத்ல கார் ஓட்டக் கத்துக்கிட்டு, ஊர் பண்ணையார் வீட்டுக்கே டிரைவர் ஆயி, அவங்க கூடவே டில்லிக்கு வந்து குர்காவ்ன்ல ஒரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல குடியிருந்து, அப்புறம் ஒரு நாள் உடைஞ்ச ஜானி வாக்கர் பாட்டிலால முதலாளி அசோக்கை முடிச்சுட்டு, லஞ்சம் குடுக்க வெச்சிருந்த 7 லட்சத்தோட பெங்களூர் ஓடிப்போய், கால் சென்டர்ல நைட் ஷிஃப்ட் பாக்கறவங்களுக்கு வண்டி விடற கம்பெனி ஓனர் ஆயிடறான். இதெல்லாம் அவன் யாருக்கு எழுதறான்னா அப்போதைய சீனப் பிரதமர் வென் ஜியாபாவோவுக்கு, ஏழு ராத்திரி உக்காந்து கடிதமா எழுதறான். வென் ஜியாபாவோ நிஜமாவே 2005 ஏப்ரல்ல பெங்களூர் வந்தவர். அந்த மாதிரி ஒரு விசிட் வரப்போகுதுன்னு ரேடியோல கேட்டுட்டு இவன், உங்களுக்கு இந்தியாவோட தொழில்முனைவோர் பத்தி தெரியணுமாமே, நான் சொல்றேன் கேளுங்கன்னு ஆரம்பிக்கறான்.

இந்த ஒரு செட்டப்பே பாதி காமெடி. பிரதமர் படிப்பாரா, மாட்டார். பதில் வருமா, வராது. ஆனா இவன் அவரோட சரிசமமா உக்காந்து, தன் ஆபீஸ்ல தொங்கற சாண்டலியர் பத்தி பெருமை அடிச்சுக்கிட்டே பேசிட்டிருக்கான்.

சிரிக்க என்ன இருக்குன்னு கேட்டீங்க இல்ல, ஒரே ஒரு இடம் சொல்றேன். அப்பாவுக்கு டிபி. ஊர்ல ஆஸ்பத்திரி கிடையாது, ஆனா ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் மூணு இருக்கு, மூணு எலெக்ஷனுக்கு முன்னாடி மூணு அரசியல்வாதி வந்து நட்டுட்டுப் போனது. அதனால ஆத்தைத் தாண்டி இன்னொரு அரசு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போறாங்க, அங்க டாக்டர் இல்ல. டாக்டர் ஏன் வரமாட்டார்னு பக்கத்துல காத்திருக்கற ஒருத்தர் பொறுமையா விளக்கறார், போஸ்டிங் எப்படி ஏலம் போகுது, பணம் கட்டினவர் எப்படி பிரைவேட்ல வேலை பாத்துக்கிட்டு இங்க ரிஜிஸ்டர்ல மட்டும் வந்ததா எழுதிக்கறார், யாரு யாரை குணப்படுத்தினதா எழுதறாங்கன்னு. அப்பா அங்கயே தரைல கெடந்து செத்துப்போறார். அதை பல்ராம் எப்படி சொல்றான்னா, அன்னிக்கு சாயந்திரம் அரசாங்க ரிஜிஸ்டர்ல சரியாவே பதிவாயிருக்கும், எங்கப்பா டிபி நிரந்தரமா குணமாயிடுச்சுன்னு. இதுக்கு சிரிச்சீங்கன்னா உங்க மேல உங்களுக்கே ஒரு மாதிரி ஆகும், சிரிக்காமலும் இருக்க முடியாது. ஸ்கூல்லயும் அப்படித்தான், பசங்க மதியச் சாப்பாட்டுக் காசை வாத்தியார் அடிச்சுடறார், அரசாங்கம் அனுப்பின யூனிஃபார்ம் பக்கத்து ஊர்ல விலைக்கு வருது, ஆனா ஊர்ல யாருக்கும் அவர் மேல கோவம் கிடையாது, பாவம் அவருக்கு சம்பளம் வந்து மாசக்கணக்காச்சுங்கறாங்க. இவனோட பிறந்த தேதியே ஓட்டுக்காக அரசாங்க ஆளு முடிவு பண்ணினதுதான். டீக்கடைக்காரர் வேலைக்காரப் பசங்க ஓட்டையெல்லாம் மொத்தமா வித்துடறார், அதனால இவன் தன்னை ரொம்ப விசுவாசமான வாக்காளர்ங்கறான், பூத் உள்ள எப்படி இருக்கும்னு மட்டும் இதுவரைக்கும் பாத்ததில்லையாம்.

இப்ப திட்டறவங்க பக்கம் வருவோம். 2008 அக்டோபர்ல இதுக்கு புக்கர் பரிசு கிடைச்சது. அடிகாவோட முதல் நாவல், வயசு 33, அதே ஷார்ட்லிஸ்ட்ல அமிதாவ் கோஷோட 'சீ ஆஃப் பாப்பீஸ்' வேற இருந்தது, அதனால ஏற்கனவே ஒரு கூட்டம் காண்டுல இருந்தது. ஆள் பிறந்தது நம்ம மெட்ராஸ்ல, வளந்தது மங்களூர், அப்புறம் சிட்னி, கொலம்பியா, ஆக்ஸ்ஃபோர்டுன்னு போய் டைம் பத்திரிகைல நிருபரா இருந்தவர். இவருக்கு ரிக்‌ஷாக்காரன் பையனைப் பத்தி என்ன தெரியும்ங்கறது முதல் குற்றச்சாட்டு. அந்த நேரத்துலயே 'ஸ்லம்டாக் மில்லியனேர்' படமும் வந்துச்சா, ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டி, வறுமையைக் காட்டி அவார்டு வாங்கறாங்கன்னு பேச்சு ஓடிச்சு. அடிகா அதுக்கு சொன்ன பதில், 19ஆம் நூற்றாண்டுல டிக்கன்ஸ், பால்சாக், ஃப்ளோபேர் எல்லாம் அவங்க நாட்டை இப்படித்தான் விமர்சனம் பண்ணினாங்க, அதனால இங்கிலாந்தும் பிரான்சும் மேம்பட்டுச்சுங்கற மாதிரி. எனக்கு இந்த பதில் அவ்வளவா பிடிக்கல, நாவலை விட நாவலாசிரியர் ரொம்ப சீரியஸா பேசறார். ஆனா நாட்டை அசிங்கப்படுத்திட்டான்ங்கற குற்றச்சாட்டுல பெருசா சரக்கு இல்ல. வாத்தியார் சாப்பாட்டுக் காசை அடிக்கறதை எழுதினவன் மேல வர்ற கோவம் அடிச்சவன் மேல வராதது ஏன்னு திருப்பிக் கேட்டா பேச்சு முடிஞ்சுடும்.

உருப்படியான எதிர்ப்பு வேற இடத்துலேர்ந்து வந்தது. வரலாற்று ஆய்வாளர் சஞ்சய் சுப்ரமணியம் லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்ல எழுதினார், பிஹார்ல பிறந்து பாட்னால வளந்த எழுத்தாளர் அமிதாவ குமாரும் எழுதினார். சுருக்கமா அவங்க கேட்டது, இவன் எந்த பாஷைல யோசிக்கறான்? இங்கிலீஷ் தெரியாதுங்கறான், ஆனா பேசற தினுசு, கிண்டல், உவமை எல்லாம் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த ஒருத்தரோடது, இந்த மண்ணுல பேசற ஒரு மனுஷனோட குரல் அதுல கேக்கல. குமார் ஒரு படி மேல போய், வில்லன்கள் சினிமா கார்ட்டூன் மாதிரி இருக்காங்க, சாதாரண ஜனங்களைக் காட்டின விதம் அதை விட மோசம்னார். இதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன், அந்த மண்ணுலேர்ந்து வந்தவர் சொல்றது. படிக்கறப்போ உங்களுக்கே அங்கங்க இடறும், ஒரு ஹிந்திக்கார டிரைவர் இந்த ஜோக்கை இப்படி சொல்வானான்னு தோணும்.

ஆனா எனக்கு ஒரு விஷயம், திட்டறவங்களும் கொண்டாடறவங்களும் ரெண்டு பேருமே இது உண்மையான இந்தியாவா இல்லையான்னு அளந்துட்டிருக்காங்க. இந்த புத்தகம் இந்தியா பத்தின ரிப்போர்ட் இல்ல. இது ஒரு கொலைகாரன் தனக்குத்தானே எழுதிக்கிட்ட பயோடேட்டா. வேற சாட்சி யாருமே இல்ல. பாட்டி எப்படிப்பட்டவ, முதலாளி எப்படிப்பட்டவன், ஊர் எவ்வளவு இருட்டு, எல்லாம் இவன் வாயால வர்றதுதான், இவனுக்கு ஊர் எவ்வளவு இருட்டோ அவ்வளவு லாபம், அப்பதானே பண்ணின கொலை நியாயமாத் தெரியும். அவன் பேசற தினுசைக் கவனிங்க, ஏர்போர்ட் புக் ஸ்டால்ல விக்கற தன்னம்பிக்கை புத்தகம் மாதிரியே இருக்கும், நான் எப்படி ஜெயிச்சேன், ரிஸ்க் எடு, கூண்டை விட்டு வெளிய வா. கூண்டுங்கறது அவனோட பெரிய தத்துவம், டில்லி கறிக்கடைல அடைச்சு வெச்ச கோழிங்க, பக்கத்துல வெட்டறதைப் பாத்துக்கிட்டே தப்பிக்காம இருக்கே, வேலைக்காரங்க அப்படித்தான்ங்கறான். இதை அப்படியே தூக்கி இந்திய சமூகத்தின் அருமையான உருவகம்னு கோட் பண்றவங்கதான் எனக்கு திட்டறவங்களை விட சிரிப்பு. அதை சொல்றவன் யாரு, என்ன விக்கறான்னு பாக்க வேண்டாமா? ஸ்டார்ட்அப் ஓனர்ங்க மேடை ஏறி சொல்ற கதை மாதிரியே எல்லாம் இருக்கும், முதலீடு எங்கிருந்து வந்ததுங்கற ஒரு ஸ்லைடு தவிர. நாவலோட நையாண்டி அங்கதான் இருக்கு. அதுக்காக குரல் சரியில்லங்கற புகார் மொத்தமா அடிபட்டுப் போகுதுன்னு சொல்லல. டுபாக்கூர் குரலா இருக்கறது பாதி அவன் குணம், மீதி எழுத்தாளரோட கைக்கு வராதது, அந்தக் கோடு எங்க விழுதுன்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கத்துல சொல்வாங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, இப்ப இந்த நாவலை வெச்சு எடுத்த படம் பாத்துட்டு புத்தகத்துக்கு வர்ற சின்னப் பசங்கள்ல இது அதிகம், பல்ராமை மாஸ் ஹீரோவா எடுத்துக்கறவங்க. பணக்காரனை அடிச்சான், ஜெயிச்சான், சூப்பர்னு. அவங்களுக்கு நான் சொல்றது ராம் பெர்சாத் இடத்தை திரும்பப் படிங்கன்னுதான். அந்த வீட்ல முதல் டிரைவர் ராம் பெர்சாத், பெரிய கார் ஓட்டறது அவர்தான். ரம்ஜான் மாசத்துல அவர் சாப்பிடாம இருக்கார், வாய் நாத்தம் வருது, இவன் சந்தேகப்பட்டு பின்னாடியே போய்ப் பாத்தா மசூதிக்குப் போறார். வேலை கெடைக்கணும்னு பேரையும் மதத்தையும் மறைச்சு வருஷக்கணக்கா அந்த வீட்ல இருந்திருக்கார். பல்ராமுக்கு ஒரு நிமிஷம் பாவமாவும் இருக்கு, என்ன ஒரு வாழ்க்கை இது, நல்ல டிரைவர் வேற, அப்படின்னு. ஆனாலும் விடல. அவர் பொட்டி கட்டிக்கிட்டுப் போறார், இவன் அவர் இடத்துக்கு வர்றான், உடனே அந்த வீட்டு நேபாளி வாட்ச்மேனை அதிகாரம் பண்ண ஆரம்பிச்சுடறான். டில்லிக்குப் போற சான்ஸே இவனுக்கு இப்படித்தான் கெடச்சது. இந்த நாவல்ல முதல் பலி பணக்காரன் இல்லைங்க, தன்னை மாதிரியே இன்னொரு டிரைவர்.

சரி, அப்ப அசோக்? படிச்சவங்க அதிகமா சண்டை போடறது இந்த இடத்துலதான். மொத்த குடும்பத்துல நல்லவன் அவன் ஒருத்தன், அமெரிக்கால இருந்துட்டு வந்தவன், டிரைவரை அடிக்க மாட்டான், மனுஷனா பேசுவான், அவனைப் போய் ஏன் கொல்லணும், அண்ணன்காரனைக் கொன்னிருந்தாகூட பரவாயில்லங்கறாங்க. இதுக்கு நாவல்ல ரெண்டு காட்சி இருக்கு, ரெண்டையும் சேத்துப் படிக்கணும்.

ஒண்ணு, ஒரு ரூபா காசு. மந்திரி ஆளுங்களுக்கு லட்சக்கணக்குல லஞ்சம் குடுத்துட்டு கார்ல வர்றாங்க. இறங்கறப்போ அண்ணன்காரன் கைலேர்ந்து ஒரு ரூபா கீழ விழுந்துடுது. முட்டி போட்டு தேடுடாங்கறான். பல்ராம் ஃப்ளோர் மேட் எல்லாம் தூக்கி, சீட்டுக்கு அடில கையை விட்டுத் தேடறான், இல்ல. அசோக் சலிச்சுக்கறான், இவ்வளவு லஞ்சம் குடுத்துட்டு ஒரு ரூபாய்க்கு இவனைப் போட்டுப் படுத்தறியேன்னு. ஒரு ரூபாய்ல விட்டாதான் வேலைக்காரன் கெட்டுப்போவான்ங்கறான் அண்ணன். கடைசில பல்ராம் தன் சட்டைப் பாக்கெட்லேர்ந்து ஒரு ரூபாயை நைசா கீழ போட்டு, அதையே எடுத்து, கெடச்சுடுச்சு சார்னு குடுக்கறான், வாங்கிக்கிட்டு அண்ணன்காரனுக்கு குழந்தை மாதிரி சந்தோஷம். அசோக் பண்ணினது என்ன, சலிச்சுக்கிட்டான், அவ்வளவுதான். நிறுத்தல.

ரெண்டாவது, ஆக்ஸிடென்ட். அசோக் பொண்டாட்டி பிங்கி மேடம் ராத்திரி குடிச்சுட்டு கார் ஓட்டி ரோட்ல ஒரு குழந்தை மேல ஏத்திடறாங்க. மறுநாள் வக்கீல் டைப் அடிச்ச காகிதத்தோட வர்றார், கார் ஓட்டினது நான்தான், கூட யாருமே இல்லைன்னு பல்ராம் கையெழுத்து போடணும். சாட்சிக்கு அவனோட பாட்டி பேரு. ஊர்ல சொல்லியாச்சு, பாட்டிக்கு ரொம்ப பெருமைங்கறாங்க. அந்த ரூம்லயே அசோக் உக்காந்திருக்கான், வாயைத் திறக்கல. அப்புறம் போலீஸ்ல யாரும் கம்ப்ளெய்ன்ட் குடுக்கலைன்னு தெரிஞ்சு விஷயம் அப்படியே அமுங்கிடுது, ஆனா நீ ஜெயிலுக்குப் போக வேண்டாம்னு இவன்கிட்ட உடனே சொல்லணும்னுகூட பிங்கி மேடம் கேக்கற வரைக்கும் யாருக்கும் தோணல. இதெல்லாம் கற்பனைன்னு ஒதுக்கறவங்களுக்கு ஒண்ணு ஞாபகப்படுத்தறேன், டில்லில 1999 ஜனவரில ஒரு பிஎம்டபிள்யூ ஏறி மூணு போலீஸ்காரங்க உட்பட ஆறு பேர் செத்த கேஸ் ஒம்போது வருஷம் இழுத்து 2008 செப்டம்பர்லதான் தீர்ப்பாச்சு, இந்த நாவலுக்கு புக்கர் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி. டில்லிக்காரங்க இந்த அத்தியாயத்தைப் படிக்கறப்போ மனசுல அது ஓடாம இருந்திருக்காது.

கொலை நியாயம்னு நான் சொல்ல வரல. ஆனா அசோக் நல்லவன்ங்கற வாதம் படிக்கறவங்களோட வசதிக்கு வர்றது. நம்மள்ல பல பேர் அந்த அசோக்தான், டிரைவரண்ணா சாப்டீங்களான்னு கேப்போம், அவர் எங்க தூங்கறார்னு கேக்க மாட்டோம். அதனாலயே அவன் சாகறப்போ நமக்கு சுருக்குங்குது. அந்த சுருக்குதான் இந்த புத்தகத்துல நல்லா வேலை செய்யற இடம்.

இனி எனக்குப் பிடிக்காதது. பாட்டி குசும் ஒரு பொம்மை, காசு புடுங்கற கிழவிங்கறதைத் தாண்டி அவளுக்கு ஒண்ணுமே இல்ல, ஊர்ல இருக்கற மத்த பொம்பளைங்களும் கும்பலாதான் வர்றாங்க, தனியா ஒருத்திக்கும் முகம் கிடையாது. பல்ராம் பார்வைல அப்படித்தான் தெரியும்னு ஒரு சப்பைக்கட்டு கட்டலாம், ஆனா அசோக்குக்கும் ராம் பெர்சாத்துக்கும் அவன் பார்வையையும் மீறி ஒரு மனுஷன் தெரியறான், இவளுக்குத் தெரியல. ஜாதி விஷயத்துலயும் அப்படி, முன்னாடி ஆயிரம் ஜாதி இருந்துச்சு, இப்ப ரெண்டே ஜாதிதான், பெரிய தொப்பை, சின்ன தொப்பைன்னு ஒரு ஜோக் வருது, எல்லாரும் அதை ரசிச்சு எடுத்துப் போடறாங்க. எனக்கு அது மழுப்பல். ஹல்வாய் மிட்டாய் போடற ஜாதி, பண்ணையார் வீட்ல வேலைக்கு சேர்க்கறப்போ ஜாதி என்னன்னு கேட்டுத்தான் சேர்க்கறாங்க, அதுக்கும் கீழ இருக்கறவங்க நாவலுக்குள்ள குரலோட வர்றதே இல்ல. நம்ம ஊர்ல ஜாதி பத்தி வந்திருக்கற எழுத்தைப் படிச்சுட்டு இங்க வந்தா இந்த இடம் ரொம்ப மேலோட்டமாத் தெரியும்.

பெங்களூர் பகுதி அவசரமா முடியுதுன்னு ஒரு புகார் உண்டு. உண்மைதான், ஆனா அதுல ஒரு நல்ல வேலை இருக்கு. இப்ப ஓனரான பல்ராமோட டிரைவர் ஒருத்தன் சைக்கிள்ல வந்த ஒரு பையனை ஏத்திக் கொன்னுடறான். பல்ராம் போலீஸை வழக்கம்போல கவனிச்சு கேஸை முடிச்சுடறான், அப்புறம் அந்த வீட்டுக்கே போய் பணம் குடுத்து, செத்தவனோட அண்ணனுக்கு வேலை தர்றேங்கறான். பாத்தீங்களா, நான் பழைய முதலாளிங்க மாதிரி இல்லன்னு நம்மகிட்ட காலரைத் தூக்கி விட்டுக்கறான். கணக்குப் போட்டுப் பாத்தா டில்லில நடந்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் ஒரு கவர்ல போட்ட பணம். இதை அடிகா எந்த கமென்ட்டும் அடிக்காம விட்டுடறார். இதுக்கு நடுவுல, தான் ஓடிப்போனதுக்குப் பழியா ஊர்ல தன் குடும்பத்தை மொத்தமா வெட்டிப் போட்டிருப்பாங்கங்கறதையும் அவன் போற போக்குல சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடறான். ரொம்ப சிரிச்சுட்டு வந்தவங்க இங்கதான் புத்தகத்தை மூடி வெச்சதா சொல்வாங்க, கதைல ஒட்டறதுக்கு ஒரு நல்ல கேரக்டர்கூட இல்லைன்னு ஒத்த ஸ்டார் குடுக்கறவங்களும் இந்த இடத்துலேர்ந்து வந்தவங்கதான். அவங்க சொல்றது தப்பில்ல, அப்படி ஒரு கேரக்டர் இல்லதான். வேணும்னா வேற புத்தகம் எடுங்க.

படம் போதுமான்னு கேப்பீங்க, 2021ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்தது, ராமின் பஹ்ரானி எடுத்தது, அடிகாவோட காலேஜ் காலத்து நண்பர், நாவலே அவருக்குத்தான் சமர்ப்பணம். ஆதர்ஷ் கௌரவ் பிரமாதமா பண்ணியிருக்கார், திரைக்கதைக்கு ஆஸ்கார் நாமினேஷனும் வந்தது. ஆனா படத்துல நீங்க பல்ராமை வெளிலேர்ந்து பாக்கறீங்க, அவன் அடி வாங்கறது கண்ணு முன்னாடி நடக்குது, அதனால பரிதாபம் கூடி கிண்டல் குறைஞ்சுடுது, பிங்கிக்கும் நாவலை விட மனசு கொஞ்சம் ஜாஸ்தி. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் மாதிரி ஜோக்கெல்லாம் அவன் வாயால சொல்லிக் கேட்டாதான் எடுபடும்.

அதனால புத்தகத்தையே எடுங்க, இங்கிலீஷ் ரொம்ப சுலபம், ரெண்டு மூணு நாள்ல முடிச்சுடலாம். முதல் அத்தியாயத்துல சீனப் பிரதமருக்கு குடுக்கற பில்டப் எரிச்சலா இருந்தா கொஞ்சம் பொறுத்துக்கங்க, டில்லிக்கு கார் கிளம்பினதும் சூடு பிடிச்சுடும். டில்லி போயும் எரிச்சல் போகலைன்னா நீங்க சஞ்சய் சுப்ரமணியம் கட்சி, அங்கயே நிறுத்திடலாம்.